திருவொர்க் அரசியின் உடுப்பை ஊருக்கு அனுப்புங்கள்: லண்டன் விக்டோரியா – ஆல்பர்ட் அருங்காட்சியக அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் சேகரிப்பில் ஓர் எத்தியோப்பியப் பெண்ணின் உடுப்பு இருக்கிறது. பருத்தித் துணி, அதன் மேல் பட்டு நூல் வேலைப்பாடு. கூடவே வெள்ளிக் கழுத்தணிகள். பேரரசர் இரண்டாம் தெவோத்ரோஸின் மனைவி தெருநெஷுக்கு உரியவை என்று நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். எத்தியோப்பியர்கள் அவரைத் திருவொர்க் வுபே என்றும் அழைக்கிறார்கள். நானும் அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன். உடுப்பு 1869-இல் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. கொடுத்தவர் என்ற இடத்தில், இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் என்று இருக்கிறது.

எத்தியோப்பிய அரசியின் உடுப்பை எடுத்துக் கொடுக்க இந்தியாவுக்கான அமைச்சர் யார்? இந்த ஒரு வரி இல்லாவிட்டால் நான் உங்களுக்கு எழுத முகாந்திரமே இல்லை. நான் எத்தியோப்பியனும் இல்லை, வரலாற்றுத் துறைப் பேராசிரியனும் இல்லை. ஆனால் எங்கள் நாட்டின் பெயரைச் சொல்லி ஒரு பொருள் கைமாறியிருக்கிறது. அதைப் பற்றிப் பேச எங்களுக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எத்தியோப்பியா மீதான 1867-68 அபிசீனியப் படையெடுப்பு லண்டனில் முடிவானது என்றாலும் அதை நடத்தியது இந்தியா. பம்பாய்ப் படையின் தலைமைத் தளபதி ராபர்ட் நேப்பியர் ஏறக்குறைய 13,000 வீரர்களோடு செங்கடல் கரையில் சூலாவில் இறங்கினார். பீரங்கி சுமக்க இந்தியாவிலிருந்து 44 யானைகள் கப்பலேறின. மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் கம்பெனிகளும் போயின. இன்றும் ராணுவத்தில் ‘தம்பி’ என்று செல்லமாக அழைக்கப்படும் அந்தப் படையின் போர் விருதுப் பட்டியலில் ‘அபிசீனியா’ என்ற பெயர் உண்டு. தெவோத்ரோஸின் மக்தலாக் கோட்டை வாசலுக்கு முன்னால் போய் நின்றவர்களில் எங்கள் ஊர்க்காரர்களும் இருந்தார்கள் என்று பொருள். செலவுக் கணக்கு இன்னும் கசப்பானது. படையெடுப்புக்கு ஏறத்தாழ 90 லட்சம் பவுன் ஆனது. அதில் கூடுதல் செலவைத்தான் பிரிட்டன் ஏற்றது. இந்தியாவிலிருந்து போன துருப்புகளின் வழக்கமான சம்பளம் இந்தியக் கருவூலத்தின் தலையில் விழுந்தது. ஒரிசாவில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்த 1866-க்கு அடுத்த ஆண்டு இது. தாதாபாய் நௌரோஜி அப்போதே லண்டனில் இதை எதிர்த்துப் பேசினார்.

ஆக, அந்த உடுப்பு உங்களிடம் வந்து சேர்ந்த வழியில் எங்கள் ஆட்களின் உழைப்பும் எங்கள் வரிப்பணமும் இருக்கின்றன. அந்த உரிமையில் பேசுகிறேன். முதலில் அந்த உடுப்பைப் போட்டிருந்தவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த மடலைப் படிக்கும் தமிழர்களில் பலருக்குத் தெரியாது.

திருவொர்க், வடக்கு எத்தியோப்பியாவில் செமியென் மலைநாட்டையும் திக்ரேயையும் ஆண்ட, தெஜாஸ்மாச் பட்டம் பெற்ற வுபே ஹைலெ மர்யத்தின் மகள். வுபே சாதாரணக் குறுநிலக்காரர் இல்லை. பேரரசர்கள் பெயரளவுக்கு மட்டும் தலைநகர் கோந்தரில் உட்கார்ந்திருந்த காலத்தில் வடக்கே அவர் வைத்ததுதான் சட்டம். சாலமோன் வம்சத்து ரத்தம் என்று அந்தக் குடும்பத்துக்குப் பெருமையும் உண்டு. தான் முடிசூடிக்கொள்வதற்கென்றே தெராஸ்கேயில் மரியாள் பெயரில் ஒரு கோயில் கட்டினார். 1855 பிப்ரவரியில், முடிசூட்டுக்கு எல்லாம் தயாராக இருந்த நிலையில், குவாராவிலிருந்து கிளம்பிவந்த காஸா என்ற தளபதி தெராஸ்கே அருகிலேயே அவரைத் தோற்கடித்துச் சிறைபிடித்தான். இரண்டே நாளில், வுபே கட்டிய அதே கோயிலில், வுபே சூடவிருந்த அதே இடத்தில், ஆயர் அபுனா சலாமா கையால் காஸா முடிசூடிக்கொண்டான். அன்று முதல் அவன் பெயர் தெவோத்ரோஸ்.

 வுபே 1867 வாக்கில் கைதியாகவே இறந்தார். தந்தையின் கோயிலில் தந்தையின் முடியைச் சூடியவனுக்குத்தான் மகள் மனைவியானாள்.

தெவோத்ரோஸின் முதல் மனைவி தெவாபெச், ராஸ் அலி என்ற ஆட்சியாளரின் மகள். அவளும் அவன் தோற்கடித்த ஒருவரின் மகள்தான். ஆனால் அந்த மணவாழ்க்கை நல்லபடியாக இருந்தது என்கிறார்கள். 1858-இல் அவள் இறந்தபோது அவன் உடைந்துபோனான். அதன் பிறகுதான், 1860 வாக்கில், திருவொர்க்கைக் கேட்டான். அவள் கன்னியாஸ்திரி ஆகவே விரும்பினாள், குடும்பத்தினர் வற்புறுத்தினார்கள், சிறையிலிருந்த தந்தைக்கும் சகோதரர்களுக்கும் விடிவு பிறக்கும் என்று நினைத்தார்கள் என்று எத்தியோப்பிய மரபு சொல்கிறது. ஆண்கள் சண்டையில் தோற்றால் வீட்டுப் பெண் அதற்கு விலையாகிப் போவது எங்கள் பழங்கதைகளிலும் நிறைய வருகிறது. அதனால் அந்த மரபை நம்புவது எனக்குக் கஷ்டமாக இல்லை.

மணவாழ்க்கை கசந்தது. பிறப்பில் தன்னைவிடத் தாழ்ந்தவன் என்று அவள் அவனை மதிக்கவில்லை என்பதை அந்தக் காலத்து ஐரோப்பியக் கைதிகள் முதல் அரண்மனைக் கதைகள் வரை எல்லோரும் சொல்கிறார்கள். தெவோத்ரோஸின் தாய் வறுமையில் கொஸோ விற்றவள் என்று எதிரிகள் ஏசுவார்கள். கொஸோ என்பது வயிற்றுப் பூச்சிக்குக் குடிக்கும் மருந்து. அந்த ஏச்சு அவனை வாழ்நாள் முழுக்கச் சுட்டது. ஒருநாள் அவன் அறைக்குள் வந்தபோது திருவொர்க் பைபிளின் சங்கீதப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லையாம். ஏன் எழவில்லை என்று கேட்டதற்கு, உங்களைவிடப் பெரிய அரசரோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்றாளாம். நடந்ததோ, கட்டிச் சொன்னதோ, அவளைப் பற்றி மக்கள் மனதில் நின்ற கதை இதுதான். சண்டையில் தோற்ற வீட்டின் பெண்ணுக்கு அரண்மனைக்குள் கிடைத்த ஒரே ஆயுதம் பக்தி. அதை அவள் நன்றாகவே வீசினாள் என்று தோன்றுகிறது.

1861 ஏப்ரல் 23-இல் மகன் பிறந்தான், அலெமாயேஹு. அரசன் வேறொரு பெண்ணோடு இருக்கத் தொடங்கினான். தாயும் பிள்ளையும் மக்தலா மலைக்கோட்டையில் ஒதுங்கினார்கள்.

போர் எப்படி வந்தது என்பதை வேகமாகக் கடக்கிறேன். 1862-இல் தெவோத்ரோஸ் விக்டோரியா அரசிக்கு எழுதிய கடிதத்துக்கு உங்கள் வெளியுறவுத் துறை பதில் போடவில்லை. கோபத்தில் தூதரையும் மிஷனரிகளையும் பிடித்து அடைத்தான். அவனை நான் புனிதனாக்கப் போவதில்லை. 1866-இல் கோந்தர் கோயில்களைக் கொள்ளையடித்தவன் அவன். கடைசி வாரத்தில் நூற்றுக்கணக்கான உள்ளூர்க் கைதிகளை மலையிலிருந்து தள்ளிவிட்டவனும் அவனே. 1868 ஏப்ரல் 13, ஈஸ்டருக்கு மறுநாள், கோட்டை விழும் நேரத்தில், விக்டோரியா அரசி முன்பு பரிசாக அனுப்பிய கைத்துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொண்டான். பிணத்தின் உடையைச் சிப்பாய்கள் நினைவுப் பொருளாகக் கிழித்துக்கொண்டார்கள். தலைமுடியை வெட்டினார்கள். கோட்டையிலும் கோயிலிலும் இருந்ததையெல்லாம் அள்ளிக் கொண்டுபோக 15 யானைகளும் ஏறத்தாழ 200 கோவேறு கழுதைகளும் வேண்டியிருந்தன. தலந்தா சமவெளியில் இரண்டு நாள் ஏலம் நடந்தது. 5,000 பவுன் தேறியது. அதைப் படைவீரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். உங்கள் ஊரிலேயே உள்ள பிரிட்டிஷ் மியூசியம் ரிச்சர்ட் ஹோம்ஸ் என்பவரை இதற்கென்றே படையோடு அனுப்பியிருந்தது. ஏலத்தில் அதிகம் வாங்கியவர்களில் அவரும் ஒருவர்.

இதுவரை சொன்னது போர்க்கொள்ளை. இதைப் பற்றிப் போதிய விவாதம் நடந்தாகிவிட்டது. பிரதமர் கிளாட்ஸ்டனே 1871-இல் நாடாளுமன்றத்தில் எழுந்து, இந்தப் பொருட்களைக் கொண்டுவந்திருக்கவே கூடாது என்று வருத்தம் தெரிவித்தார். திருவொர்க்கின் உடுப்பை மட்டும் இந்தக் கூட்டத்திலிருந்து பிரித்துப் பாருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

கணவன் செத்த பிறகு அவள் உங்கள் படையின் பாதுகாப்பில் வந்தாள். தெவோத்ரோஸின் எதிரிகள் சுற்றிலும் இருந்ததால் மக்தலாவில் தங்க முடியாது. வடக்கே சொந்த நாட்டுக்குப் போவதற்காக நேப்பியரின் படையோடு கிளம்பினாள். ஏற்கெனவே நுரையீரல் நோய். வழியில் ஐக்ஹல்லெத் என்ற இடத்தில் 1868 மே 15 அன்று, கணவன் இறந்து ஐந்து வாரம்கூட ஆகாத நிலையில், இறந்துபோனாள். படை சவ மரியாதை செய்தது. திக்ரேயில், மெக்கெலேக்குப் பக்கத்தில் செலெகொட் திரித்துவக் கோயிலில் அடக்கம் செய்தார்கள்.

இப்போது உங்கள் வழக்கறிஞர்களைக் கூப்பிட்டு ஒன்று கேளுங்கள். ஓர் இராணுவத்தின் காவலில், எதிரியாக இல்லாமல் அடைக்கலமாக வந்த ஒரு விதவை இறந்தால், அவள் உடுத்திய துணியும் கழுத்தில் போட்ட நகையும் யாருக்குப் போக வேண்டும்? அவளுக்கு ஏழு வயது முடிந்து மூன்று வாரமே ஆன மகன் இருந்தான். உயிரோடு அவள் தாய் இருந்தார். அந்தப் பாட்டி பேரனைப் பற்றி விக்டோரியா அரசிக்கே அம்ஹாரிக் மொழியில் கடிதம் எழுதியவர். வாரிசு இல்லாத சொத்து என்று சொல்ல வழியே கிடையாது. பிள்ளையை உங்கள் நாடு கப்பலேற்றிக் கொண்டுபோனது. உடுப்பை மறு ஆண்டே உங்கள் அருங்காட்சியகம் பதிவேட்டில் ஏற்றியது. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகும் பத்து ஆண்டுகள் உயிரோடு இருந்தான், பெரும்பாலும் இங்கிலாந்திலேயே. யாரும் அவனைக் கேட்கவில்லை.

அவன் கதை ஊரறிந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். கேப்டன் டிரிஸ்ட்ராம் ஸ்பீடியின் பொறுப்பில் இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்தான். (உங்கள் இயக்குநர் ஹன்ட் அவர்களுக்கும் அதே முதற்பெயர்; தற்செயல்தான், ஆனால் படிக்கும்போது கண்ணில் உறுத்துகிறது.) ஸ்பீடிக்கு இந்தியாவில் வேலை கிடைத்தபோது அவத் பகுதிக்கும், பிறகு பினாங்குக்கும் கூடவே போனான். கடைசியில் அவரிடமிருந்தும் பிரித்து இங்கிலாந்துப் பள்ளிகளில் சேர்த்தார்கள். 1879 நவம்பர் 14 அன்று லீட்ஸில், 18 வயதில், நுரையீரல் உறை அழற்சியில் இறந்தான். வின்ட்சர் புனித ஜார்ஜ் ஆலயத்தில் அடக்கம். எலும்புகளையாவது தாருங்கள் என்று எத்தியோப்பியா 2007-இல் கேட்டது. மற்றவர்களின் சடலங்களைத் தொந்தரவு செய்ய வேண்டியிருக்கும் என்று 2023-இல் அரண்மனை மறுத்துவிட்டது. அது உங்கள் கையில் இல்லை. அவன் தாயின் உடுப்பு உங்கள் கையில் இருக்கிறது.

நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். 1983-ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டம் உங்கள் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது. இரட்டைப் படிகள், பயனற்றுப் போனவை போன்ற சில வகைகள் தவிர எதையும் சேகரிப்பிலிருந்து விடுவிக்க அறங்காவலர்களுக்கு அதிகாரமில்லை. உண்மை. அந்தச் சட்டத்தை எழுதியது நாடாளுமன்றம், நீங்கள் இல்லை, அதுவும் உண்மை. ஆனால் நாஜிகள் பறித்த பொருட்களுக்காக 2009-இல் அதே நாடாளுமன்றம் தனிச் சட்டம் கொண்டுவந்து கட்டை அவிழ்த்தது. மனம் இருந்தபோது மார்க்கம் கிடைத்தது.

மக்தலாப் பொருட்கள் திரும்பியதே இல்லை என்றும் இல்லை. பேரரசர் யோஹன்னெஸ் கேட்டதும் 1872-இல் பிரிட்டிஷ் மியூசியம், எத்தியோப்பிய அரச மரபின் கதையைச் சொல்லும் கெப்ர நெகஸ்ட் நூலின் படிகளில் ஒன்றை அனுப்பிவைத்தது. 1920-களில் பேரரசி ஸெவ்தித்துவுக்காக தெவோத்ரோஸின் கிரீடம் ஒன்று திரும்பியது. விலை குறைந்தது, வெள்ளியில் பொன் முலாம் பூசியது. பொன் கிரீடம் உங்களிடமே தங்கிவிட்டது. 2019 மார்ச்சில் தேசிய இராணுவ அருங்காட்சியகம் தெவோத்ரோஸின் தலைமுடியைக் கொடுத்தது. 2023-இல் ஸ்பீடியின் உறவு வழியினர் அந்தப் பையனின் ஒரு கற்றை முடியைத் தாங்களாகவே கொடுத்தார்கள். கணவனின் முடி போயாயிற்று, மகனின் முடி போயாயிற்று. மனைவியும் தாயுமான பெண்ணின் துணிக்கு மட்டும் சட்டம் குறுக்கே நிற்கிறது.

பொன் கிரீடத்தின் வழக்கு சிக்கலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 18-ஆம் நூற்றாண்டில் அரசி மெந்தெவாபும் அவர் மகன் இயாசுவும் கோந்தரின் குஸ்குவாம் கோயிலுக்காகச் செய்வித்தது, அங்கிருந்து தெவோத்ரோஸ் எடுத்தான், அவனிடமிருந்து நீங்கள். யார் யாருக்குத் தர வேண்டும் என்று உங்கள் வழக்கறிஞர்கள் ஒரு நாள் முழுக்க வாதாடலாம். (எனக்கென்னவோ அதுவும் ஊர் திரும்ப வேண்டியதுதான்.) உடுப்புக்கு அந்தச் சிக்கல் ஒன்றும் கிடையாது. அது அரச சின்னம் இல்லை. எந்தக் கோயிலின் சொத்தும் இல்லை. போர்க்களத்தில் அதை யாரும் வெல்லவில்லை. ஓர் உடம்பு உடுத்திய துணி; அந்த உடம்பு எந்தக் கோயிலில் கிடக்கிறது என்றுகூட நமக்குத் தெரியும்.

2018 ஏப்ரலில், மக்தலா விழுந்து 150 ஆண்டு ஆனதையொட்டி, நீங்கள் இந்தப் பொருட்களை வெளியே எடுத்து வைத்தீர்கள். எத்தியோப்பியச் சமூகத்தினரைக் கலந்து பேசினீர்கள், கொள்ளை நடந்ததை மறைக்கவில்லை. அதற்கு மரியாதை. நீண்டகாலக் கடனாக எத்தியோப்பியாவுக்குத் தரலாம் என்று இயக்குநர் சொன்னதும் அப்போதுதான். கானாவின் அசாந்தே பொன்னை 2024-இல் குமாசி அரண்மனை அருங்காட்சியகத்துக்கு அப்படித்தான் அனுப்பினீர்கள். ஆனால் தன் வீட்டுப் பெண்ணின் உடையைக் கடனாக வாங்கிக் கையெழுத்துப் போட்டால் அது உங்களுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என எத்தியோப்பியர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. நானாக இருந்தாலும் கையெழுத்துப் போடமாட்டேன்.

பாதுகாப்பு பற்றிய பேச்சும் வரும். 2020-22 போரில் திக்ரேயின் கோயில்களும் சுவடிகளும் பட்ட பாட்டை எல்லோரும் அறிவோம். செலெகொட்டுக்கு இன்றைக்கே அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. அடிஸ் அபாபாவில் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய அரண்மனையில் பல்கலைக்கழகத்தின் எத்தியோப்பிய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. எங்கே வைப்பது என்பது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. போர் நடந்த நாட்டில் பொருள் தங்காது என்றால், எக்ஸிபிஷன் சாலைப் பக்கம் உங்கள் சுவரில் இரண்டாம் உலகப் போர்க் குண்டு போட்ட பள்ளங்களை நீங்களே நினைவுக்காக மூடாமல் வைத்திருக்கிறீர்களே, அதைப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். தவிரவும், பழைய துணியை நெடுநாள் வெளிச்சத்தில் வைக்கக் கூடாது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆக, லண்டனிலும் அது பெரும்பாலும் சேமிப்பறை இருட்டில்தான் கிடக்கும்.

உங்கள் அடுத்த கூட்டத்திலேயே செய்யக்கூடிய காரியங்கள் உண்டு. 1983 சட்டத்தில், படைக் காவலில் இறந்தவர்களின் சொந்த உடைமைகளுக்கு விலக்குத் தரும்படி பண்பாட்டு அமைச்சருக்கு அறங்காவலர் குழுவின் தீர்மானமாகவே எழுதுங்கள். இயக்குநர் பேட்டியில் சொல்வதற்கும் குழு தீர்மானம் போடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சட்டம் மாறும்வரை அனுப்பி வைப்பதானால், உரிமை யாருடையது என்ற வாசகமே இல்லாத ஒப்பந்தத்தில் அனுப்புங்கள். உங்கள் சட்டப் பிரிவுக்கு அது கொஞ்சம் மண்டைக் குடைச்சலாக இருக்கும், பரவாயில்லை. அதற்கும் முன்னால், காசு செலவில்லாத ஒரு வேலை: உடுப்பின் பதிவில், உரியவர் 1868 மே 15-இல் பிரிட்டிஷ் படையின் காவலில் இறந்தார் என்றும், பொருள் பதிவான நாளில் அவர் மகன் உயிரோடு இருந்தான் என்றும், அவனிடம் யாரும் கேட்கவில்லை என்றும் சேர்த்து எழுதுங்கள். கொடுத்தவர் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் என்ற வரிக்குக் கீழே, படையெடுப்புச் செலவில் ஒரு பங்கு இந்திய வரிப்பணம் என்றும் போடுங்கள். எங்கள் பிள்ளைகள் திப்புவின் புலியைப் பார்க்க உங்களிடம் வரத்தான் செய்கிறார்கள். இதையும் படித்துவிட்டுப் போகட்டும்.

பதிலைத் தமிழில் எழுத வேண்டும் என்று கேட்கமாட்டேன், ஆங்கிலமே போதும். ஆனால் முதல் படியை அடிஸ் அபாபாவுக்கு அனுப்புங்கள். எனக்கு நகல் வந்தால் போதும்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகன்